முதல் தண்ணீர்

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் குடிவந்த மறுநாள் காலையிலேயே அவள் என்னை அடித்தாள். வரிசை வீடுகளுக்கு முன்னால் பொதுப் பைப்பு ஒன்று இருந்தது. இடுப்பில் மகளும் கையில் வாளியுமாகப் போய் நின்றேன். தண்ணீர் வந்ததும் குனிந்து, ஒரு கை ஏந்தி வாய்க்குக் கொண்டுபோனேன். பிடரியில் விழுந்தது அறை. முகம் போய்க் குழாயில் இடித்து உதடு கிழிந்தது. நிமிர்ந்து பார்த்தால், என்னைவிட ஒரு சாண் உயரமான ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"துப்பு" என்றாள்.

துப்பினேன். ரத்தமும் தண்ணீருமாக வந்தது.

"புள்ளைக்குக் குடுத்தியா?"

"இல்ல."

"குடுத்திருந்தா கைய ஒடிச்சிருப்பேன். போ, பின்னால நில்லு."

எந்த ஊர், புருஷன் எங்கே, எத்தனை பிள்ளை என்று மற்ற பெண்கள் கேட்கும் கேள்வி எதையும் அவள் கேட்கவில்லை. அடித்து முடித்த பிறகுதான் ஒரு ஆள் அவளுக்கு அறிமுகமாவது வழக்கம்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுடைய தம்பி வழிக் குடும்பம் மலாக்காவில் இன்னும் இருக்கிறது, நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே நாங்கள் அவளை அக்கா என்றோம். முதுகுக்குப் பின்னால் ராட்சசி என்றோம். நான் இரண்டையும் மனதாரச் சொல்லியிருக்கிறேன்.

ஜப்பான்காரன் காலம் அது. என் கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மாமியாரும் நானும் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து, அந்த வரிசையில் ஓர் அறை பிடித்தோம். பண்டார் ஹிலிரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. தோட்டத்தில் இருந்தவரை கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கத்துவார், நாங்களும் காய்ச்சிக் குடித்தோம். டவுன் பைப்பைப் பற்றி எங்களுக்கு வேறு நினைப்பு. வெள்ளைக்காரன் போட்டது, இரும்புக்குள்ளே வருகிறது, அதில் இலை விழாது, தவளை விழாது. அதைப் போய் யாராவது காய்ச்சுவார்களா? தோட்டத்திலிருந்து வந்த எல்லோருக்கும் அதே எண்ணம்தான்.

அந்தப் பைப்பின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை எந்தக் காலத்தில் புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் நான்காவது வீடு சிட்டிக் குடும்பம், தமிழை மறந்து மலாய் பேசும் பழைய மலாக்காத் தமிழர்கள். அந்த வீட்டுக் கிழவர், தான் சின்னப் பையனாக இருந்தபோதே அது துருப்பிடித்திருந்தது என்று மலாயில் சொல்வார். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையை நாங்கள் லொங்காங் என்போம். அந்த லொங்காங்கைக் குறுக்கே கடந்துதான் குழாய் எங்கள் பக்கம் வந்தது. கடக்கிற இடத்தில் அதன் மூட்டு அரித்துப் பிளந்துபோயிருந்தது. யுத்தத்துக்கு முன்னால் அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. இரவும் பகலும் குழாய் நிறையத் தண்ணீர் ஓடியது, பிளவு வழியாக வெளியேதான் பீய்ச்சியது, பிள்ளைகள் அதில் விளையாடினார்களாம். ஜப்பான்காரன் வந்தபிறகு காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். மீதிப் பொழுதெல்லாம் குழாய் காலி. மலவாளி எடுக்க வருகிறவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். வரிசை முழுவதும் வாளியை லொங்காங்கில்தான் கவிழ்த்தது. அந்தக் குழம்புக்குள் குழாய் கிடந்தது. ரிப்பேர் செய்யச் சொல்லி யாரிடம் போய் நிற்பது? இரும்பு என்று எங்கே கிடைத்தாலும் ஜப்பான்காரனே பெயர்த்துக்கொண்டு போன காலம்.

கிணறு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஜப்பான்காரன் வந்த புதிதில் ஒரு சீன ஆளை வெட்டி அதற்குள் போட்டுவிட்டான். எடுக்கப் போனவர்களையும் அடித்து விரட்டினான். பிறகு ஊர்க்காரர்களே மண் தள்ளி மூடிவிட்டார்கள்.

அக்கா யுத்தத்துக்கு முன்னால் பால் கறந்து விற்றவள். கடைசியில் ஒரே ஒரு பசு மிஞ்சியிருந்தது. தண்ணீர் நின்று நின்று வரத் தொடங்கிய நாட்களில், காலையில் முதலில் வரும் தண்ணீரை அந்தப் பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். கொஞ்சம் ஓடவிட்டுப் பிடித்து வைத்தால் குடித்ததாம். அவள் படித்த படிப்பு அவ்வளவுதான். பிறகு சோல்ஜர்கள் வந்து பசுவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். கயிற்றை விடமாட்டேன் என்று பிடித்தவளைத் துப்பாக்கிக் கட்டையால் வாயிலேயே குத்தினார்கள். முன்பல் ஒன்று போய்விட்டது. அதே வாரம் வரிசையில் ஒரு குழந்தை ரத்தபேதியில் செத்தது. மறுநாளிலிருந்து பைப்படியில் காவலுக்கு நிற்க ஆரம்பித்தாள் என்று சொன்னார்கள். "மாட்டுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேடி" என்பாள். அது எப்போதும் அறையோடு சேர்ந்துதான் வரும்.

அவள் போட்ட சட்டம் இதுதான்: "மொதத் தண்ணி லொங்காங்குக்கு. ரெண்டாந் தண்ணி துணிக்கு. மூணாந் தண்ணி அடுப்புக்கு. அடுப்புல ஏறி எறங்குனதுதான் வாய்க்கு." குழாயைத் திறந்ததும் துரு கலந்து செந்நிறமாக வரும். அது மஞ்சளாகும். பிறகுதான் தெளியும். தெளியும்வரை எவளும் குடத்தைக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம், அதில் பாதியைச் சாக்கடைக்கு விட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? தினமும் சண்டை நடந்தது. மூன்றாம் வீட்டு ஆள் ஒருநாள் அவளைத் தள்ளிவிட்டு வாளியை வைத்தான். அதே வாளியைத் தூக்கி அவன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் வரிசைக்கே கேட்டது. சிட்டி வீட்டுப் பெண்களுக்கு அவள் பேசும் தமிழ் புரியாது. கை புரிந்தது.

என் மாமியார் மட்டும் மசியவில்லை. "நல்ல தண்ணியத் தொறந்து வுட்டுக் கொட்டுறாளே, இவ வெளங்குவாளா!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தண்ணீர் நின்றுபோன நேரம் அது. அக்கா வந்து மாமியாரின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திறந்த குழாயின் வாயில் வைத்து அழுத்தினாள். குழாய் கையை உள்ளே இழுத்தது. மாமியார் அலறினார்.

"இழுக்குதா?"

"ஐயோ, பைப்புக்குள்ள என்னமோ இருக்குது! வுடுடீ!"

"இங்க உன் கைய இழுக்குது. லொங்காங்குக்குள்ள ஓட்டை இருக்கே, அங்க எத இழுக்குது? சொல்லு. சொல்லு கெழவி!"

மாமியார் கையைப் பிடுங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்திருந்த இடத்துக்கு மஞ்சள் போட்டுக்கொண்டு, அக்காவின் வம்சம் முழுவதையும் சபித்தார். எனக்கு அன்று இரண்டு பேர்மீதும் கோபம்தான் வந்தது. ஆனால் குழாய் கையை இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் உள்ளே இருந்தால் ஓட்டை வெளியே துப்பும், தண்ணீர் போய்விட்டால் அதே ஓட்டை உள்ளே குடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் வருவாள். கேட்டுக்கொண்டெல்லாம் வரமாட்டாள். பானையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். பானை குளிர்ந்திருந்து, அடுப்பிலும் சாம்பல் குளிர்ந்திருந்தால் கன்னத்தில் விழும். கர்ப்பிணி ஒருத்தியை அப்படி அறைந்தாள். அவள் சுவரில் மோதிக் கீழே விழுந்ததை நான் பார்த்தேன். நல்ல மனசுக்காரி என்று ஒரு வார்த்தையில் சொல்லி அவளைப் பற்றிய எழுத்தை முடித்துவிட என்னால் முடியாது. பிள்ளைகள் அவளைக் கண்டால் ஒன்றுக்குப் போய்விடும்.

விறகு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பெட்ரோல் இல்லாமல் கரியெல்லாம் லாரி ஓட்டுவதற்குப் போய்விட்ட காலம், விறகு உண்மையிலேயே இல்லை. அவள் தன்னுடைய காலி மாட்டுத் தொழுவத்தை வெட்டி வீடு வீடாகப் போட்டாள். அது தீர்ந்ததும் தன் கட்டிலை வெட்டினாள். அதையும் கையில் கொடுக்கமாட்டாள். வாசலில் நின்று வீசுவாள், முழங்காலில் வந்து விழும். கட்டில் போனபிறகு வெறுந்தரையில் சாக்கு விரித்துப் படுத்தாள்.

புருஷன் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். "செத்துட்டான்னா சோறு போடுவீங்க. ஓடிட்டான்னா சிரிப்பீங்க. உங்களுக்கு எது வசதியோ அத வெச்சுக்குங்க" என்றாள். நாங்கள் ஓடிவிட்டான் என்றே வைத்துக்கொண்டோம். அந்தக் கையோடு யார் குடும்பம் நடத்த முடியும்?

அவள் அடிக்காமல் விட்ட ஆள் ஒருவன் உண்டு. ஒரு காலை, தண்ணீர் அப்போதுதான் திறந்து செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பான் சோல்ஜர் ஒருவன் வந்தான். எல்லோரும் குனிந்து கும்பிட்டோம். குனிவது போதாது என்று முன்னால் நின்ற பெண்ணின் காதோடு ஒன்று கொடுத்தான். பிறகு தண்ணீர்க் குப்பியைக் கழற்றிக்கொண்டு குழாய்க்குப் போனான். எங்கள் கண்ணெல்லாம் அக்காவின் கையில்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் கை நீண்டுவிட்டால் வரிசையில் ஒரு தலை மிஞ்சாது. அவள் முன்னால் போய் இடுப்பு மடிய வணங்கினாள். இரண்டு கையாலும் குப்பியை வாங்கி, முதல் தண்ணீரை வழிய வழிய நிரப்பி, முந்தானையால் துடைத்து, பல் போன வாயெல்லாம் சிரிப்பாக நீட்டினாள். அவன் குடித்தான். இன்னொரு தடவை நிரப்பிக் கொடுத்தாள். அதையும் குடித்தான். அவன் போனதும், "நாளைக்கும் வந்தான்னா ஒரு கொடம் புடிச்சுக் குடுப்பேன்" என்றாள். அவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அன்றைக்கும் ஆசை, இன்றைக்கும் ஆசை.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சில நாளில் வயிற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மாமியார் பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா வந்திருக்கா" என்றார். அம்மை என்றால் எங்களுக்கு வைத்தியம் கிடையாது, அம்மனுக்குச் செய்ய வேண்டிய மரியாதைதான் உண்டு. கோயில் வேப்பமரத்தில் இலை ஒடித்து வந்து நிலையில் செருகினார். அடுப்பு மூட்டக் கூடாது, தாளிக்கக் கூடாது, சூடான எதுவும் பிள்ளைக்கு ஆகாது, அம்மாவுக்குக் குளிர்ச்சிதான் வேண்டும். வெளி ஆள் யாரும் உள்ளே வரக் கூடாது, அக்கா வரும் சாயங்கால நேரத்துக்கு மாமியார் கதவைத் தாழ் போட்டுவைத்தார். நாங்கள் கடையிலிருந்து நான் கொண்டுவந்த பழங்கஞ்சியைக் குடித்தோம். பிள்ளைக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட பச்சைத் தண்ணீர். நானும் நம்பினேன். என் தம்பிக்கு அம்மை வந்தபோது என் தாயும் அப்படித்தான் செய்தாள், அவன் பிழைத்தான்.

ஒரு காலை பைப்படியில் அக்கா என்னை மறித்தாள்.

"உன் கூரையில ஏன் பொகையக் காணோம்?"

"அம்மா வந்திருக்கு அக்கா. புள்ளைக்கு."

"வயித்தால போகுதா?"

தலையசைத்தேன்.

"வயிறு உப்பியிருக்கா?"

அதற்கும் தலையசைத்தேன்.

"அம்மா போட்டா மூஞ்சி முதுகெல்லாம் கொட்டும்டி. வயித்தால போற சொரத்துக்குப் பேரு அம்மாவா? என்ன குடிக்கக் குடுக்குறீங்க?"

"வேப்பெலத் தண்ணி."

"காச்சினதா?"

"அம்மா இருக்கிற வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதே அக்கா…"

கை ஓங்கியது. நான் குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். அவளுக்கும் பயம், அம்மனுக்கும் பயம். மாமியார் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். "அந்த ராட்சசி காலடி உள்ள பட்டுச்சுன்னா புள்ள போயிடும்" என்றார்.

அவள் கதவைத் தட்டவில்லை. முதல் சத்தமே கோடாலிச் சத்தம்தான். மாமியாரின் தலைக்கு மேலே பலகை பிளந்து இரும்பு உள்ளே வந்தது. மாமியார் உருண்டு விலகினார். கதவு கீல்களோடு பெயர்ந்து விழ, வேப்பிலையை மிதித்துக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். மாமியார் பாய்ந்து அவள் கையைக் கடித்தார். கடித்த வாயிலேயே ஓர் அறை விழுந்தது. மாமியார் போய் அம்மிக் கல்லில் விழுந்து நெற்றி பிளந்தது. சாமி படத்துக்கு முன்னால் சொம்பு இருந்தது. அக்கா அதை எடுத்து மோந்தாள். பிறகு என் பின்னந்தலையைப் பிடித்து மூக்கை அதில் திணித்தாள்.

"மோந்து பாரு!"

வேப்பிலை வாசனைக்கு அடியில் லொங்காங் நாற்றம் அடித்தது.

"தொடாதேடி பாவி!" என்று தரையில் கிடந்தபடியே மாமியார் கத்தினார். "அது சாமிக்குப் புடிச்ச மொதத் தண்ணி! தீர்த்தம்!"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பொழுது விடிந்து முதலில் பிடிக்கும் தண்ணீர் சாமிக்கு என்பது மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடாத வழக்கம். காய்ச்சின தண்ணீரைச் சாமிக்கு வைக்க முடியாது. அதனால் அக்கா வருவதற்கு முன்பே முந்தானைக்குள் சொம்பை மறைத்துக்கொண்டு போய், குழாயில் வரும் முதல் தண்ணீரைப் பிடித்து வந்துவிடுவார். நான் வேலைக்குப் போனபின் அதைத் தீர்த்தமாகப் பிள்ளைக்குப் புகட்டியிருக்கிறார். காய்ச்சலுக்கு முன்பும் கொடுத்தார், காய்ச்சல் வந்தபின் இன்னும் அதிகமாகக் கொடுத்தார். பேத்திமேல் உயிரையே வைத்திருந்தவர் அவர்.

அக்கா சொம்பைச் சுவரில் வீசியடித்தாள். அம்மன் படமெல்லாம் நனைந்தது. உடைந்த கதவை முற்றத்துக்கு இழுத்துப்போட்டு விறகாகப் பிளந்தாள். "பத்த வை" என்றாள் என்னிடம்.

மாமியார் எழுந்து நின்றார். நெற்றி ரத்தம் கண்ணில் வழிந்தது. "அடுப்புப் பத்துச்சுன்னா நீ என் மகனுக்குப் பொண்டாட்டி இல்ல. புள்ள செத்தா, நீ கொன்னது" என்றார்.

என் மகளைப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்து, கண் செருகிக் கிடந்தது. அழக்கூடத் தெம்பில்லை. ஒருபக்கம் அம்மன், ஒருபக்கம் இந்த ராட்சசி, நடுவில் என் பிள்ளை. எங்களிடம் தீக்குச்சி கிடையாது. அக்கா வீட்டுக்கு ஓடி, அவள் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துவந்து மூட்டினேன்.

அன்று முழுவதும் அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்புப் போட்ட கஞ்சித்தெளிவைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். பிள்ளை வாயை மூடினால் கெட்ட கெட்ட வார்த்தையால் திட்டினாள். அந்தக் கைக்கு அவ்வளவு மெதுவாக அசையத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மறுநாள் மாமியார் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மாதிரி வரிசை வீட்டுச் சண்டைகளுக்கு சார்ஜண்ட் இரண்டு பக்கத்தையும் நன்றாகத் திட்டி அனுப்பிவிடுவார். அந்த நினைப்பில்தான் போனார். மத்தியானம் லாரி வந்தது. நான்கைந்து சோல்ஜர்கள் இறங்கினார்கள். கோடாலி யாருடையது என்று கேட்டார்கள். அக்கா எடுத்துவந்து காட்டினாள். ஆயுதம் வைத்திருக்கிறாள் என்றான் மொழிபெயர்க்கக் கூட வந்தவன்.

"குரா!" என்று ஜப்பான் பாஷையில் அதட்டிக்கொண்டே ஒருவன் அறைந்தான். அவள் வணங்கினாள். மறுபடி அறைந்தான். அப்போது அவள் கை மேலே எழுந்தது. தோள்வரைக்கும் வந்துவிட்டது. அவள் எங்களைப் பார்த்தாள். வாசல் வாசலாகப் பெண்களும் பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தோம். கை இறங்கித் தன் சேலையையே பிடித்துக்கொண்டது. பிறகு கோடாலிக் காம்பாலேயே அடித்தார்கள். விழுந்த பின்னும் அடித்தார்கள். முடியைப் பிடித்து இழுத்துப்போய் லாரியில் போட்டார்கள். அதற்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: "மொதத் தண்ணியத் தொறந்து வுடுங்கடி!"

மாமியார் லாரிக்குப் பின்னால் ஓடினார். "கதவுக்குத்தான்யா சொன்னேன்! ஐயா, கதவுக்குத்தான்!" என்று தெருமுனைவரைக்கும் கத்திக்கொண்டே ஓடினார்.

அடுத்த நாள் பைப்படியில் காவல் இல்லை. தண்ணீர் வந்ததும் குடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பாய்ந்தன. செந்நிறத் தண்ணீரையே பிடிக்கப் போனார்கள். முன்னால் நின்றவளின் கையில் நான் ஓங்கி அடித்தேன். அதுவரை யார்மீதும் நான் கைநீட்டியது கிடையாது. குடம் விழுந்தது. இரண்டு பேர் என் முடியைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள், ஒருத்தி வாளி விளிம்பால் என் புருவத்தைக் கிழித்தாள். ஆனால் அந்தச் சண்டை முடிவதற்குள் முதல் தண்ணீர் முழுவதும் ஓடிப்போய்விட்டது. ஆகவே மறுநாளும் சண்டை போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன்.

என் மகள் பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் ஏறி ஏறி இறங்கி, ஒருநாள் ஏறாமல் நின்றது. கதவு விறகு கொதிக்கவைத்த தண்ணீர்தான் காப்பாற்றியது என்று நான் சொல்வேன். அம்மன்தான் மன்னித்துவிட்டாள் என்று மாமியார் கடைசிவரைக்கும் சொன்னார். ஆனால் சாமிக்குத் தண்ணீர் வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கதவு இருந்த இடத்தில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டோம். சோல்ஜர்கள் நடமாடுகிற தெருவில், சாக்குக்குப் பின்னால் நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

அக்காவை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று தெரியாது. அந்த மாதம் முடிவதற்குள் அவள் இறந்துபோனாள், என் மகளுக்கு வந்த அதே காய்ச்சலில், எங்கள் வீட்டில், அந்தச் சாக்குக்குப் பின்னால். மாமியார்தான் குளிப்பாட்டினார். அதை நீட்டி எழுத எனக்கு மனமில்லை. அவள் திரும்பி வந்த காலையைத்தான் எழுத வேண்டும்.

தண்ணீர் திறந்த நேரம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். காலில் செருப்பு மாதிரி ரத்தம் காய்ந்திருந்தது. வலது கை விரல்கள் ஒன்றுகூட நேராக இல்லை. பெண்கள் தானாகவே விலகி வழிவிட்டார்கள். யாரையும் பார்க்காமல் நேரே குழாய்க்குப் போய்க் குனிந்தாள். துருத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, மொதத் தண்ணி அது" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும்டி. அங்க ட்ரம்முல புடிச்சு வெச்சிருந்தானுங்க. வாயில குழாயச் சொருகி ஊத்துனானுங்க. வயிறு உப்பினதும் மேல ஏறி மிதிச்சானுங்க. நாத்தத்துலேயே தெரிஞ்சுபோச்சு, அதெல்லாம் மொதத் தண்ணிதான். இனிமே எனக்கு மொதத் தண்ணி என்ன, மூணாந் தண்ணி என்ன? தாகமா இருக்குது. வுடு."

வாய் குழாய்க்குப் போனது.

நான் அடித்தேன். என் பலத்தையெல்லாம் சேர்த்துக் கன்னத்தில் அடித்தேன். அவள் பக்கவாட்டில் சிமெண்டுத் தரையில் விழுந்தாள். உள்ளே எவ்வளவு போயிருந்தாலும் சரி, என் கண்ணெதிரே இன்னும் ஒரு மடக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. அவளை நான் அவ்வளவு நேசித்தேன் என்பது அடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு அழுகை பொங்கிவந்தது.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் செந்நிறமாக ஓடியது. மஞ்சளாக ஓடியது. தெளிந்தது. நான் பிடித்துக்கொண்டு போனேன். மாமியார் என் கையிலிருந்து பானையை வாங்கி அடுப்பில் ஏற்றினார். கொதிக்கும்வரைக்கும் அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை, திட்டவில்லை. ஆவி பறக்க டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆறவெச்சுக் குடுடி" என்றாள். "வாய் பூரா புண்ணு."